ஊழ் என்னும் முறை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டிப் பூதலூரில் ஆற்றப்பெற்ற உரை)



பயிர் கருகினாலும், மகன் படிப்பை இடையில் நிறுத்தினாலும், மகளின் மணவாழ்வு முறிந்தாலும் தமிழர் இல்லங்களில் முதலில் எழும் சொல் 'விதி' என்பதே. 'தலையெழுத்து' என்பார் சிலர். 'கொடுத்து வைத்தது அவ்வளவுதான்' என்பார் சிலர். துன்புற்றவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும்போது இச்சொற்கள் ஆறுதலாகின்றன. பிறர் அவரை நோக்கிக் கூறும்போதோ, பல வேளைகளில், 'இனி எதுவும் கேளாதே' என்னும் கட்டளையாகிவிடுகின்றன. ஒரே சொல் ஒருவர் வாயில் மருந்தாகவும் மற்றொருவர் வாயில் பூட்டாகவும் ஆவது எவ்வாறு? ஊழைப் பற்றிப் பழந்தமிழர் உண்மையில் எண்ணியது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண, தமிழோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஒரு மக்களின் ஊழ்க் கொள்கையை உடன் வைத்து நோக்குவது பயன் தரும். ஐந்தாம் நூற்றாண்டு முதல் பிரித்தானியத் தீவில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள், கிறித்தவம் தழுவுவதற்கு முன் கொண்டிருந்த கொள்கையே அது.

விர்டு: சொல்லும் பொருளும்

ஆங்கிலோ-சாக்சன் மொழியில் ஊழைக் குறிக்கும் சொல் 'விர்டு' என்பதாகும். இகரமும் உகரமும் கலந்தொலிக்கும் அதன் உயிரொலியைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் காட்ட இயலாது. 'ஆதல்', 'நிகழ்தல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த பெயர் இது. ஜெர்மன் மொழியில் 'ஆதல்' என்னும் பொருளில் இன்றும் வழங்கும் 'வேர்டன்' என்னும் வினை இதன் உறவுச்சொல். 'திரும்புதல்' என்னும் பொருளுடைய ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரோடு இதனை மொழிநூலார் இணைப்பர். வடமொழி வழியாகத் தமிழில் வந்து வழங்கும் 'வர்த்தமானம்', 'விருத்தம்' ஆகிய சொற்களும் அவ்வேரின் கிளைகளே. ஆகவே சொற்பிறப்பு நிலையில் விர்டு என்பது, எங்கோ ஓரிடத்தில் எழுதி முடிக்கப்பட்ட தீர்ப்பைக் குறிக்கவில்லை; ஒன்றிலிருந்து ஒன்றாக ஆகி வருவதையே குறித்தது. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்துச் சூனியக்காரிகள் மூவரும் இச்சொல்லின் வழிவந்த பெயராலேயே சுட்டப்படுகின்றனர். ஊழின் மகளிர் என்பதே அங்கு அதன் பொருள். 'விந்தையான' என்னும் இன்றைய ஆங்கிலப் பொருள் பிற்காலத்தில் தேய்ந்து வந்தது.

ஸ்காந்திநேவிய மரபில் இச்சொல்லின் உடன்பிறப்பாகிய 'உர்த்' என்பது ஊழ்த்தெய்வம் ஒன்றின் பெயராக நிற்கிறது. உர்த், வெர்தாந்தி, ஸ்குல்து என மூவர் அத்தெய்வங்கள். முதற்பெயர் ஆகிவிட்டதையும், இரண்டாம் பெயர் ஆகிக்கொண்டிருப்பதையும், மூன்றாம் பெயர் ஆகவேண்டியதையும் உணர்த்துவன. மூன்றாம் பெயருக்குக் கடன் என்னும் பொருளும் உண்டு. தமிழிலும் 'கடன்' என்னும் ஒரே சொல் திருப்பித் தரவேண்டியதையும் செய்துமுடிக்கவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிப்பது ஒப்பு நோக்கத்தக்கது. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்நோரி தொகுத்த நூல் இத்தெய்வங்களின் அன்றாடப் பணியைக் கூறுகிறது. உலகைத் தாங்கும் பெருமரத்தின் அடியில் ஓர் ஊற்று உள்ளது. மரத்தின் கிளைகள் பட்டுப்போகாதிருக்க, அவர்கள் நாள்தோறும் அவ்வூற்றின் நீரையும் சுற்றியுள்ள சேற்றையும் எடுத்து மரத்தின்மேல் வார்க்கின்றனர். ஊழைத் தீர்ப்பளிக்கும் தெய்வமாக மட்டும் எண்ணிப் பழகியவர்க்கு, நீரும் சேறும் சுமந்து மரம் காக்கும் ஊழ்த்தெய்வம் புதுமையாகத் தோன்றும். வயலில் நின்று பழகிய தஞ்சைத் தரணியினர்க்கு அது அத்துணைப் புதுமையன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அகஸ்டின் என்னும் துறவி கென்ட் நாட்டுக்குக் கிறித்தவம் பரப்ப வந்தது 597-ஆம் ஆண்டு. ஆங்கிலோ-சாக்சன் பாடல்கள் ஏட்டில் எழுதப்பட்டது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்ட கிறித்தவத் துறவியரின் கைகளால்தான். ஆல்பிரெட் அரசரின் பெயரால் வழங்கும் போயீத்தியஸ் நூலின் மொழிபெயர்ப்பில், விர்டு என்பது கடவுள் நாள்தோறும் ஆற்றும் பணிக்கு வழங்கும் பெயர் என விளக்கம் பெறுகிறது. பழைய சொல் புதிய சமயத்திற்குள் இடம்பெற்ற விதம் இது. எனவே கிறித்தவத்திற்கு முற்பட்ட ஊழ்க் கொள்கை கலப்பற்ற நிலையில் எவர்க்கும் கிடைக்கவில்லை. உலகத்து உயிர்கள் அனைத்தையும் பிணைக்கும் வலையே விர்டு என்று இக்காலத்தார் சிலர் விரித்துரைப்பது, பழம்பாடல்களில் காணும் நெசவு உவமையைப் பற்றிக்கொண்டு வளர்ந்த புத்துரையே ஆகும். ஊழ் நெய்வது என்னும் கருத்து மட்டும் பழையது. ஒருவர்தம் வாழ்வு மற்றவர்தம் வாழ்வோடு ஊடும் பாவுமாகப் பிணைந்துள்ளது என்னும் உணர்வை, தனிக் கோட்பாடாகத் தேடாமல், அவர்தம் கதைகளின் போக்கில் தேடுவதே பொருந்தும்.

ஒரு கிண்ணம்

அவ்வகையில் முதலிடம் பெறுவது 'பேயோவுல்ஃப்' என்னும் காப்பியம். 3182 அடிகளைக் கொண்ட இந்நூலுக்குக் கிடைத்துள்ள கையெழுத்துப்படி ஒன்றே ஒன்றுதான். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அப்படி, 1731-இல் இலண்டனில் நேர்ந்த நூலகத் தீவிபத்தில் ஓரங்கள் கருகித் தப்பியது. 1815-இல்தான் அச்சேறியது. கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய ஏடுகளிலிருந்து 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் உ.வே. சாமிநாதையர் அச்சிட்டளித்த வரலாற்றை அறிந்தவர்க்கு, இச்செய்தி நெஞ்சுக்கு நெருக்கமானது.

பேயோவுல்ஃப் கெயட் குலத்து வீரன். இளமையில் டேனிய மன்னனின் மண்டபத்தை அலைக்கழித்த கொடிய உயிர்களைக் கொன்றான். முதுமையில் ஐம்பது ஆண்டுகள் நல்லரசு புரிந்தபின், தீயுமிழும் பெரும்பாம்பொன்றோடு பொருது மாண்டான். அவன் இறப்போடு அவன் குலத்தின் காவலும் முடிந்தது. பழம்பகை கொண்ட அண்டை நாட்டார் இனிப் படையெடுப்பர் என்னும் அச்சத்தோடும், ஈமத்தீயின் அருகே ஒரு பெண் எழுப்பும் அழுகையோடும் காப்பியம் நிறைவை நெருங்குகிறது.

இப்பேரழிவு எங்கே தொடங்கியது? ஒரு கிண்ணத்தில். தன் தலைவனின் அடிக்கு அஞ்சி ஓடிய ஏவலன் ஒருவன், ஒளிவதற்கு இடம் தேடிப் பாம்பு உறங்கும் குகைக்குள் நுழைந்தான். அங்கிருந்த புதையலிலிருந்து ஒரு பொற்கிண்ணத்தை எடுத்துச் சென்று தலைவனிடம் கொடுத்துத் தன் பிழையைப் பொறுத்துக்கொள்ள வேண்டினான். விழித்தெழுந்த பாம்பு கிண்ணத்தைக் காணாது வெகுண்டு ஊர்களை எரித்தது. மன்னனின் மண்டபமும் எரிந்தது. மன்னன் போருக்கு எழுந்தான். குகைக்கு வழிகாட்ட அவ்வேவலனையே, அவன் விருப்பமின்றிப் பதின்மூன்றாம் ஆளாக இழுத்துச் சென்றனர். அவன் பெயரைக் காப்பியம் கூறவில்லை. அதன்பின் அவன் என்னவானான் என்றும் கூறவில்லை.

மன்னனின் முடிவு ஊழால் நேர்ந்தது என்றே காப்பியப் புலவர் பாடுகிறார். எனினும் அவ்வூழ் வானத்திலிருந்து இறங்கவில்லை. பெயரற்ற ஒருவன் முதுகில் விழுந்த அடியிலிருந்து புறப்பட்டு, ஒரு கிண்ணத்தின் வழியாக, ஒரு குலத்தின் அழிவில் சென்று முடிந்தது. அடித்த தலைவனுக்கும் இறந்த மன்னனுக்கும் இடையில் எத்தனையோ மனிதர் உள்ளனர். அவருள் ஒருவரும் மற்றவரிடமிருந்து விலகி நிற்கவில்லை. விர்டு என்னும் சொல்லுக்குப் 'பிணைந்த ஊழ்' என்று பொருள் காண்பதற்கு இக்கதையை விடச் சிறந்த சான்று தேவையில்லை.

பால், ஊழ், முறை

இனித் தமிழுக்கு வருவோம். விதி என்பது வடசொல். விதிக்கப்பட்டது என்னும் பொருளது. தலையெழுத்து என்பது பிரமன் எழுதியது என்னும் நம்பிக்கையின் வழிப்பட்டது. எழுத்து ஒருவர் தலையில் ஒருவர்க்கென எழுதப்படுவது. அடுத்தவர் தலையோடு அதற்குத் தொடர்பில்லை. பழந்தமிழ்ச் சொற்களோ வேறு திசையைச் சுட்டுகின்றன.

'பால்' என்பது பகுப்பு, பங்கு என்னும் பொருளுடையது. தொல்காப்பியர் களவியலில், ஒத்த தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது பாலின் ஆணையால் நிகழ்வது என்கிறார். ஊழைப் பற்றிய இப்பழங்குறிப்பில் ஊழ் இருவரை இணைக்கும் ஆற்றலாக நிற்பது நோக்கத்தக்கது. கிரேக்கரும் ஊழைக் குறிக்கப் பங்கு என்னும் பொருள்படும் 'மொய்ரா' என்ற சொல்லையே ஆண்டனர். பங்கு என்றால் பங்காளிகளும் உண்டு என்பது வெளிப்படை.

'ஊழ்' என்பதற்கு முறைமை, முதிர்வு, மலர்ச்சி எனப் பல பொருள்கள் உண்டு. மலர் ஊழ்த்தல் என்பது அது தன் காலத்தில் மலர்தல். ஊழி என்னும் காலப் பெயரும் இதனோடு தொடர்புடையது. விர்டு என்பது 'ஆதல்' என்னும் பொருளில் பிறந்ததைப் போன்றே, ஊழும் ஒன்று தன் முறையில் முதிர்ந்து வருதலைக் குறிக்கிறது.

'முறை' என்னும் சொல்லே இவற்றுள் மிக ஆழமானது. புறநானூற்று 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் ஊழைக் குறிக்க ஆள்வது இச்சொல்தான். இச்சொல் தமிழில் எத்தனை பொருள்களில் வழங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். ஒழுங்கு முறை எனப்படுகிறது. நீதி முறை எனப்படுகிறது. மன்னன் முறை செய்கிறான், நீதி வேண்டுவோர் முறையிடுகின்றனர். உறவும் முறையே, 'இவர் உங்களுக்கு என்ன முறை வேண்டும்?' என்று ஊரில் இன்றும் வினவுகின்றனர். தடவை என்பதும் முறையே. காவிரிப் படுகையில் நீர் குறையும் ஆண்டுகளில் ஒருவர்பின் ஒருவராக வாய்க்கால்களுக்கு நீர் விடுவது முறைப்பாசனம் எனப்படுகிறது. ஊழ், நீதி, உறவு, பகிர்வு ஆகிய நான்கையும் தமிழ் ஒரே சொல்லால் கட்டி வைத்திருக்கிறது. ஊழைப் பேசிவிட்டு நீதியையும் உறவையும் பகிர்வையும் மறந்துவிடுவது அச்சொல்லை நான்காக அறுப்பதற்கு ஒப்பாகும்.

பூங்குன்றனார் பாட்டு இந்நான்கையும் அறுக்கவில்லை. எல்லா ஊரையும் தன்னூராகவும் எல்லா மக்களையும் உறவினராகவும் கொள்ளும் நெஞ்சோடு அது தொடங்குகிறது. மலையில் பெய்த மழையால் பெருகிக் கல்லில் மோதி இரையும் பேராற்றில் நீரின் வழியே செல்லும் மிதவையைப்போல, உயிர் முறையின் வழியே செல்லும் என்று உவமை கூறுகிறது. ஆகவே பெரியோரை வியப்பதில்லை என்றும், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்றும் முடிகிறது. எல்லா மிதவைகளும் ஒரே வெள்ளத்தில் செல்வன என்று உணர்ந்தவன், முன்னே செல்வதை வணங்கவோ பின்னே வருவதை எள்ளவோ காரணமில்லை. ஊழைப் பற்றிய அறிவு சமத்துவத்தில் சென்று முடிவது உலக இலக்கியத்தில் அரிதாகக் காணப்படும் சிறப்பாகும்.

இப்பாட்டினை ஆசீவகரின் நியதிக் கொள்கையோடு இணைத்துக் காணும் ஆய்வாளர் உண்டு. எறியப்பட்ட நூலுருண்டை நூல் முடியுமட்டும் அவிழ்ந்தோடுவதைப்போல, உயிர்கள் தமக்குரிய சுழற்சியை முடித்தே தீரும் என்பது ஆசீவகரின் ஆசான் மற்கலிக்குப் பௌத்த நூல்கள் ஏற்றிக் கூறும் உவமை. நூலுருண்டை தனியே ஓடுவது, அதற்கு உறவில்லை. பூங்குன்றனாரின் மிதவையோ மழையும் மலையும் கல்லும் ஆறும் சூழச் செல்வது. இவ்வேறுபாடு சிறியதன்று.

இதே பாட்டு, தீமையும் நன்மையும் பிறர் தருவதால் வருவனவல்ல என்றும் கூறுகிறது. அவ்வாறாயின் ஒருவர் துன்பத்திற்கு மற்றவர் பொறுப்பல்லரோ என்னும் ஐயம் எழும். பாட்டின் இலக்கணமே இதற்கு விடை தருகிறது. வியத்தல் இல்லை, இகழ்தல் இல்லை என்னும் வினைகள் தன்மைப் பன்மையில் நிற்கின்றன. புலவர் தம்மைப் பற்றிப் பேசுகிறார். தமக்கு நேர்ந்ததற்குப் பிறரைப் பழிப்பதில்லை என்கிறார். துன்புற்ற ஒருவரை நோக்கி, 'உன் துன்பத்திற்கு எவரும் பொறுப்பல்லர்' என முன்னிலையில் அவர் கூறவில்லை. ஊழ் தன்மையில் பேசப்படும்போது மருந்தாகிறது. முன்னிலையில் பேசப்படும்போது பூட்டாகிறது. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது.

பேயோவுல்ஃப் காப்பியத்திலும் இதுவே நிலை. கொடிய உயிரோடு பொரப்போகும் இரவில், ஊழ் தன் வழியே செல்லும் என்று அவ்வீரன் கூறுவது தன்னைப் பற்றித்தான். கூடவே, தான் மாண்டால் தன் கவசத்தைத் தன் மன்னனிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறான். ஊழைப் பேசும் அதே மூச்சில் கடனையும் நினைக்கிறான்.

ஒரு சிலம்பு

கிண்ணத்தால் அழிந்த குலத்தைக் கண்டபின், சிலம்பால் எரிந்த நகரை நினையாதிருக்க இயலாது. புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரியின் வடகரை வழியே நடந்து, அரங்கத்தையும் உறையூரையும் கடந்து மதுரை சென்றனர். இன்று இவ்வவை கூடியிருக்கும் இடத்திற்கு வடக்கே, சிறிது தொலைவில், அவ்வழி சென்றது.

ஊழ்வினை தவறாது வந்து தன் பயனை ஊட்டும் என்பது இளங்கோவடிகள் தம் காப்பியத்திற்கு வகுத்த மூன்று கருத்துகளுள் ஒன்று. ஆயினும் மற்றொரு கருத்தை அவர் அதற்குமுன் வைத்தார்: அரசியலில் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும். கோவலன் கொலையுண்டது ஊழால் என்றால், மன்னனை அறம் ஏன் ஒறுக்க வேண்டும்? ஊழும் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே அடிகளின் விடை.

நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குக. கண்ணகி அரசவாயிலில் முறையிடுகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என நிறுவுகிறாள். பாண்டியன், 'இது கோவலனின் ஊழ்' எனக் கூறித் தப்ப முயலவில்லை. பொற்கொல்லன்மேல் பழியைப் போட்டு ஒதுங்கவுமில்லை. தன்னையே கள்வன் எனக் கூறி அரியணையிலேயே உயிர் துறக்கிறான். அதன்பின் நகர் எரிகிறது. அதற்கும் பின்னரே மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றிப் பழம்பிறப்பின் கதையைக் கூறுகிறது. குற்றம் ஏற்றுக்கொள்ளப்படும் வரை ஊழின் விளக்கம் காத்திருக்கிறது. முறையிட வந்த பெண்ணை வாயிலிலேயே விதி கூறித் திருப்பியனுப்பும் வழக்கத்திற்கு இளங்கோவடிகளிடம் இடமில்லை.

அத்தெய்வம் கூறும் கதையும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. முற்பிறப்பில் கோவலன் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயருடைய அரசுப் பணியாளன். அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் எனக் கூறி அவன் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி உயிர் துறக்கும்போது சபித்தாள். அந்நியன் ஊரில் அணிகலன் விற்கச் சென்றவன் பொய்ப்பழியால் கொல்லப்படுகிறான்; பதினான்கு நாள் கழிகிறது; பெண்ணொருத்தி மலையேறுகிறாள். இரு கதைகளும் ஒரே பாவில் ஓடிய ஊடுநூல்கள். கண்ணகியின் கண்ணீருக்கு அடியில், எவரும் கேளாத நீலியின் கண்ணீர் இருந்தது. ஒருத்தியின் முறையீடு கேட்கப்படாமல் போனால் அது அழிந்துவிடுவதில்லை. வேறொருத்தியின் வாழ்வில் வந்து நிற்கிறது. முற்பிறப்பில் நம்பிக்கையற்றவர்க்கும் இவ்வுண்மை விளங்காமற் போகாது.

ஆங்கிலோ-சாக்சன் காப்பியமும் தமிழ்க் காப்பியமும் வேறுபடும் இடமும் இதுவே. அங்கே அடிபட்ட ஏவலன் பெயரின்றி மறைகிறான். இங்கே நீலி பெயர் பெறுகிறாள். கண்ணகி அவையேறிப் பேசுகிறாள்.

ஊழும் முயற்சியும்

திருவள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் 'ஊழ்' என்னும் 38-ஆம் அதிகாரத்தைத் தனியோர் இயலாக நிறுத்தினார். ஊழை விஞ்சிய வலிமை இல்லை என்பது அங்கு அவர் முடிவு. அதே வள்ளுவர் பொருட்பாலில் 'ஆள்வினையுடைமை' என்னும் 62-ஆம் அதிகாரத்தின் நிறைவில், தளர்ச்சியின்றி முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார். முரண்போலத் தோன்றும் இவ்விடத்தில் உரையாசிரியர் பலர் நின்று விளக்கம் கூறியுள்ளனர்.

பேயோவுல்ஃப் காப்பியத்தின் ஓரிடம் இதற்குத் துணை செய்கிறது. கடலில் நீந்திப் போட்டியிட்ட இளமை நிகழ்ச்சியைக் கூறும் வீரன், இறப்பு குறிக்கப்படாத மனிதனை, அவன் நெஞ்சுரம் தளராதிருக்குமாயின், ஊழ் பலமுறை காக்கும் என்கிறான். ஊழ் காப்பதற்கும் மனிதனின் உரம் வேண்டும். முயற்சி ஊழுக்கு வெளியே நின்று அதனோடு போரிடும் பகையன்று. ஊழ் என்னும் நெசவில் அதுவும் ஓர் இழை. ஆகி வருவதே ஊழ் என்றால், அவ்வாக்கத்தில் மனிதன் கையும் உண்டு. வள்ளுவரின் இரு குரல்களும் இந்நிலையில் ஒன்றாகின்றன. முடிந்ததை ஏற்கும் அமைதிக்கு 38-ஆம் அதிகாரம். முடியாததைச் செய்யும் ஊக்கத்திற்கு 62-ஆம் அதிகாரம்.

காவிரிப் படுகையில் ஊழ்

இக்கருத்துகள் ஏட்டோடு நிற்பனவல்ல. அடிக்கு அஞ்சி ஓடிய ஏவலன் ஆங்கிலோ-சாக்சன் கதையில் மட்டும் வாழ்ந்தவனல்லன். ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பண்ணையாள் முறை நிலவியது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுதலும் பண்ணையாளுக்குரிய தண்டனைகளாக இருந்தன. 'பிறந்த பிறப்பின் பயன்', 'தலையில் எழுதியது' என்னும் சொற்களே அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள். ஊழ் முன்னிலையில் பேசப்பட்ட கொடுமை அது. உழைப்போர் ஒன்றுகூடினர், முறையிட்டனர், போராடினர். 1952-இல் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தலையில் எழுதியதாகக் கூறப்பட்டது, மக்கள் கையால் மாற்றி எழுதப்பட்டது.

எனினும் விலை கொடுக்காமல் எதுவும் மாறவில்லை. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் வாழ்ந்த கீழ்வெண்மணியில், ஒரே குடிசைக்குள் தஞ்சம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்நிகழ்ச்சியை ஊழ் என்று எவரேனும் கூறுவாராயின், முறை என்னும் சொல்லுக்கு நீதி என்னும் பொருளும் உண்டு என்பதை அவர்க்கு நினைவூட்டுவது தமிழ் கற்றோர் கடன்.

நீரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. மிகுநீர் கொள்ளிடத்தில் செல்கிறது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் கல்லணைக் கால்வாயின் நீர் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் வரை செல்லலாயிற்று. தலைமடையில் ஒரு மதகு ஒரு நாள் கூடுதலாகத் திறந்திருந்தால் கடைமடையில் ஒரு நாற்றங்கால் காயும். தலைமடைக்காரர் கடைமடைக்காரரைப் பார்த்ததுகூட இல்லை. ஆயினும் இருவர் வாழ்வும் ஒரே நீரால் கட்டப்பட்டது. பூங்குன்றனாரின் மிதவை உவமையைக் காவிரிப் படுகையில் வாழ்வோரைவிட நன்கு உணரத்தக்கோர் எவர்?

2017 சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வறட்சியில் இப்படுகையின் உழவர் பலர் உயிரிழந்தனர். மழை பொய்த்தது இயற்கையின் போக்கு. அதனை ஊழ் எனலாம். தூர்ந்த வாய்க்காலும், அள்ளப்பட்ட ஆற்று மணலும், மாநிலங்களுக்கிடையே தீராத நீர்ப்பங்கீடும், அடைபடாத கடனும் மனிதர் செயல்கள். அவற்றையும் சேர்த்து விதி என்னும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டால், திருத்தத்தக்கது எது என்பதே தெரியாமற் போகும். ஆற்றின் பெருக்கு மனிதன் கையில் இல்லை. மதகு அவன் கையில் உள்ளது.

நிறைவுரை

ஆங்கிலோ-சாக்சன் மக்களின் விர்டும் தமிழரின் ஊழும் தம்முள் தொடர்பின்றித் தோன்றியவை. ஆயினும் இரண்டும் ஒரு செய்தியில் ஒன்றுகின்றன. ஊழ் என்பது ஒருவர் தலையில் தனியே எழுதப்பட்டதன்று. பலர் வாழ்வில் ஒருங்கே ஆகி வருவது. ஒருவன்மேல் விழும் அடி ஒரு குலத்தின் அழிவாகலாம். ஒருத்தியின் கேட்கப்படாத முறையீடு ஒரு நகரின் நெருப்பாகலாம். தலைமடையில் காட்டும் நேர்மை கடைமடையில் கதிராகலாம்.

ஆகவே ஊழில் நம்பிக்கையுடையோர்க்குப் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. தமக்கு நேர்ந்த துயரை ஊழ் எனக் கூறி அமைதி கொள்ள எவர்க்கும் உரிமை உண்டு. பிறர்க்கு நேர்ந்த துயரைக் காணும்போது கேட்கவேண்டிய வினா வேறு: 'இவர் எனக்கு என்ன முறை? இவர்க்கு நான் செய்யவேண்டிய முறை என்ன?' பூங்குன்றனார் எல்லா மக்களையும் உறவினர் என்று தொடங்கி, சிறியோரை இகழ்தல் இல்லை என்று முடித்ததன் கருத்து இதுவே.

பத்தாண்டுகள் தமிழால் கூடியிருந்த இவ்வவையினர் இனிவரும் ஆண்டுகளிலும் அவ்வினாவை மறவாதிருப்பாராக.